வாசலில் குதிரையோடு

அயர்லாந்தின் புதிய அரசியல் சட்டத்துக்கு ஓட்டுப் போட ஊரே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது, டீலியாவும் பக்கத்து வீட்டு ஹேனியின் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டாள். வாசல் வரைக்கும்தான் என்று சொல்லியிருந்தாள்.

"இதுல இங்கிலாந்து ராஜா பேரே இல்லடி. உள்ள வந்தா என்ன?" என்றாள் ஹேனி.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதுலயே நம்ம ஆளுங்க சபை கூட்டி, நாடு சுதந்திரம்னு அறிவிச்சாச்சு. அதுதான் எனக்குச் சட்டம். இப்ப ஓட்டுப் போட்டா, அது செல்லாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அந்த நாட்டுல இப்ப நீ ஒருத்திதான் குடியிருக்க."

டீலியா சிரித்தாள். "குதிரையைப் பிடிச்சுக்கறேன், நீ போ."

இங்கிலாந்தோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்காமல், அந்தப் பழைய அறிவிப்புக்காகவே அவள் அண்ணன் உள்நாட்டுப் போரில் செத்தான். அவனோடு நின்றவர்களெல்லாம் இன்று ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள்.

மழை தூறியது. கதவு திறக்கும்போதெல்லாம் பேச்சும் சிரிப்பும் வெளியே வந்தன. கூப்பிட்டாலும் போகமாட்டாள்; அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தாள், யாராவது இன்னொரு தடவை கூப்பிடுவார்களா என்று.

கடைசியில் ஹேனி வந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டாள்.

"குதிரை தொந்தரவு பண்ணுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.