எட்டு வரிசைப் பனி

டைரிக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரரே இரண்டு நிமிடம் யோசிப்பார். என்றைக்கு விதைத்தாள், எத்தனை கூடை எரு போட்டாள், மண்வெட்டியை யாரிடம் இரவல் வாங்கினாள், வாங்கியதைக் கழுவினாளா என்பது வரைக்கும் எழுதிவைக்கிறவள். இயற்கை விவசாயச் சான்றிதழ் வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அது தலைவலி. இவளுக்கு டீ குடிக்கிற மாதிரி.

மண்ணில் ரசாயனம் படாமல் மூன்று வருடம் ஓட்ட வேண்டும். ஓட்டினாள். போன வாரம் சான்றிதழ் வந்தது, இன்றுதான் முதல் தக்காளி லோடு. "இயற்கை விளைச்சல்" என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் சுருள் கொட்டகை மேசைமேல் இருந்தது. காலையில் எழுந்ததும் போய் அதைத் தடவிப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் போய் ஒருத்தி கொஞ்சுவாளா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை தடவினாள்.

அவள் தோட்டத்தை ஒட்டி நாத்தனாருடைய தோட்டம். கணவனின் தங்கை, பூச்சிமருந்து அடிக்கிறவள். மருந்து காற்றில் வரும் என்பதால் எல்லையோரம் சில வரிசைகளைத் தடுப்பாக விட வேண்டும் என்பது விதி. அங்கே காய்ப்பதும் அதே தக்காளிதான், ஆனால் ஸ்டிக்கர் கிடையாது. சிவப்புப் பெட்டியில் தனியாகச் சந்தைக்குப் போகும். முதலில் நாலு வரிசைதான் இருந்தது. போன வருடம் காற்று திரும்பி வாடை மூக்கில் ஏறிய அன்று டைரிக்காரி சும்மா இருப்பாளா? "நாத்தனார் தோட்டத்திலிருந்து மருந்து வாடை" என்று எழுதிவைத்தாள். சோதனைக்கு வந்த அதிகாரி படித்தார், நாலை எட்டாக்கிவிட்டுப் போனார். "கூடப் பொறந்தவளாட்டம் இருந்தேன், என்னைப் போய் டைரியில எழுதிட்டாங்க" என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான் நாத்தனார். இரண்டு பேருக்கும் நடுவில் எட்டு வரிசை, ஒரு வருடம்.

இன்று விடியும்போதே பனி இறங்கியிருந்தது. தோட்டத்தையே காணோம். கையை நீட்டினால் விரல்கள் வேறு யாருடையவோ போல மங்கலாகத் தெரிந்தன. டைரிக்காரி கண்ணால் பறிக்கவில்லை, கையால்தான் பறித்தாள். நனைந்த இலைக்குள் விரலை விட்டால் பழம் தானாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. கூடை நிறைந்தால் வைத்துவிட்டு நகர்வாள். பின்னால் எங்கோ கணவனின் செருப்புச் சத்தம் வரும், கூடையை எடுத்துக்கொண்டு போகும். தரையில்தான் நடக்கிறோமா என்று ஒரு தடவை சந்தேகம்கூட வந்தது.

"அண்ணி."

பனிதான் பேசிவிட்டதோ என்று நினைத்தாள்.

"அண்ணி, இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். ஒண்ணும் தெரியல."

"எனக்கும் தெரியலம்மா."

முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. முகம் தெரிந்திருந்தால் இரண்டு பேரும் கௌரவம் பார்த்திருப்பார்கள். நாத்தனார், மகளுக்கு முன்பல் விழுந்த கதையைச் சொன்னாள். பல்லை எங்கே வைத்தோம் என்று வீடே தேடியதாம், கடைசியில் அப்பாவின் சட்டைப்பையில் இருந்ததாம். டைரிக்காரி சிரித்தாள். சிரித்தபடியே இன்னும் சரியாகக் கேட்க ஓரடி நகர்ந்தாள், பறித்தாள், நகர்ந்தாள். அந்தக் குரல் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அதைக் கேட்கும்போதுதான் தெரிந்தது. கூடைகள் நிறைந்தன, போயின, வெறுமையாகத் திரும்பி வந்தன.

பிறகு வெயில் வந்தது. ஒரு முழம் தள்ளி நாத்தனாரின் முகம்.

"நரைச்சுட்டீங்க அண்ணி."

"நீ இளைச்சுட்ட."

அப்போதுதான் டைரிக்காரி திரும்பிப் பார்த்தாள். தடுப்பு வரிசைகள் தொடங்கும் இடத்தில் நட்டிருந்த வெள்ளைக் குச்சி, பின்னால் வெகு தூரத்தில் நின்றது. எட்டு வரிசையையும் தாண்டி வந்திருக்கிறாள். கொட்டகைக்கு ஓடினாள். எல்லாக் கூடையையும் கணவன் ஒரே மேசையில் கொட்டித் தரம் பிரித்து, பச்சைப் பெட்டிகளில் அடுக்கி முடித்திருந்தான். இருபத்திரண்டு பெட்டி. எது எந்த வரிசைப் பழம் என்று கடவுளுக்கே தெரியாது.

சொன்னதும் கணவன் ஸ்டிக்கர் சுருளைக் கையில் எடுத்தான். "பனியில யாரு பார்த்தா? பத்து மணிக்கு வண்டி வந்துடும்."

"போன வருஷம் காத்தை யாரு பார்த்தா? நான் எழுதலையா?"

அவன் சுருளைத் திரும்ப மேசையில் வைத்தான். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்று வருடம் காத்திருந்துவிட்டு, தன் கையாலேயே முதல் லோடைக் கெடுத்துவிட்டோமே என்று துக்கமாக இருந்தது. வண்டிக்காரருக்குப் போன் செய்து இன்று வர வேண்டாம் என்றாள். இனி அடுத்த பறிப்புதான். இருபத்திரண்டும் சிவப்புப் பெட்டிக்கு மாறிச் சாதாரணத் தக்காளியாகச் சந்தைக்குப் போகும்.

டைரியைத் திறந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனார் பின்னாலேயே வந்திருக்கிறாள். இந்தத் தோட்டத்துக்குள் அவள் கால் வைத்தே வருடமாகிறது.

"நான் பேச்சுக் குடுத்ததாலதானே அண்ணி?"

"நான்தான் நடந்து வந்தேன்."

"எழுதப் போறீங்களா?"

"எழுதணும்மா."

தேதி எழுதினாள். தடுப்பு வரிசைப் பழம் கலந்தது, மொத்தமும் ஒதுக்கியாயிற்று என்று எழுதினாள். அடுத்தது "காரணம்" என்ற கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது. பனி என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதினால் இன்னொரு வருடம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. லோடு போன துக்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

எழுதினாள்: "பனி. நாத்தனார் பேசினாள்."

நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"ஒரு வருஷம் கழிச்சுன்னு சேத்துக்குங்க அண்ணி. அதையும் எழுதினாத்தான் சரியா இருக்கும்."

டைரிக்காரி சேர்த்துக்கொண்டாள்.