மச்சான் கொடுக்காத தானியம்

ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, என் மச்சான் ஸெனோவி ஒரு கிலோ ஹ்ரெச்கா தானியத்தோடு நடுத்தெருவில் பிடிபட்டார்.

எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் ஹ்ரெச்காவும் வரும். எல்லாக் கட்சியும் வீட்டுக்கு வீடு பொட்டலம் போடும். அந்த வழக்கத்தின்மேல் இருந்த ஆத்திரத்தில்தான் மச்சான் நேர்வழிக் கட்சியில் சேர்ந்தார். முழு வலதுசாரி என்று சொல்ல முடியாது. நடுவில் நின்றபடி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த கட்சி. குறைந்த வரி, குடும்பம், கோயில், ஐரோப்பா. ஊரில் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். அக்காவுக்குப் பயந்து சேர்ந்த நானும் அதில் ஒருவன். பதினோரு வருடத்தில் இரண்டு சதவீதத்தைத் தாண்டியதில்லை. இந்த முறை நகரசபைக்கு ஐந்து சதவீதம் வாங்காவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று தலைநகர் கீவில் இருக்கும் கட்சித் தலைமை சொல்லிவிட்டது. மச்சானுக்குத் தூக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்தும்போது பலகையில் முக்கோணத்துக்குப் பதில் சதவீதக் கணக்குப் போட்டாராம்.

அன்று நோட்டீஸ் கொடுக்கப் போனோம். தபால் ஆபீஸில் ஓய்வுபெற்ற யெவ்தோகியா கதவைத் திறந்ததும் எங்கள் கையைத்தான் பார்த்தாள்.

"எத்தன கிலோ?"

"நாங்க எதுவும் குடுக்கறதில்லீங்க. அது எங்க கொள்கை."

"அதுக்குக்கூட வக்கில்லாத கட்சியா? பாவமே!" உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "மூணு கட்சிக்காரன் குடுத்தது குமிஞ்சு கெடக்கு. நீ ஒண்ணு கொண்டுபோ. ஆளப் பாரு, வத்தலாட்டம்!"

"ஐயோ, வேணாங்க."

"இத வாங்கினாத்தான் உன் காயிதத்த வாங்குவேன்."

ஒரு ஓட்டாயிற்றே. வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கி பத்தடி நடக்கவில்லை, எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் படம் எடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அது ஊரின் எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது: 'நேர்வழிக் கட்சியும் ஹ்ரெச்கா கொடுக்கிறது!'

மச்சான் உடைந்துபோனார். இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதிச் சந்தை முழுக்க ஒட்டினார். அதைப் படித்தவர்கள் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். கறிக்கடைக்காரர் தோளைத் தட்டி, "இப்பத்தான் வாத்தியாரே உங்களுக்கு அரசியல் புரிஞ்சிருக்கு" என்றார்.

ஐந்து புள்ளி மூன்று சதவீதம். முடிவு வந்ததும் அக்கா அழுதேவிட்டாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். மச்சான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ செத்துப்போன மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மச்சான் வீட்டுக் கேட்டுக்கு வெளியே இருபது முப்பது பேர், கையில் காலிப் பைகளோடு. கட்சி விஷயமாக அந்த வாசலுக்கு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. மச்சான் செருப்புகூடப் போடாமல் ஓடினார், பின்னாலேயே நானும்.

"சத்தியமாச் சொல்றேன், நான் யாருக்கும் எதுவும் குடுக்கல!"

"தெரியும் வாத்தியாரே," என்று முன்னால் நின்றவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் வெளிய மூச்சு விடமாட்டோம்."

வரிசை தானாகவே ஒழுங்கானது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களிடம், அடுத்த தேர்தலுக்கும் ஓட்டு இந்த மனிதருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கேட்டைத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை; தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் அக்கா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே பெரிய கடைப் பை அவள் தோளில் தொங்கியது. எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், கொல்லைக் கதவு வழியாக மளிகைக் கடைப் பக்கம் இறங்கினாள்.