ஒன்பது வினாடிச் சரிபார்ப்பு

நான் எழுதிய நிரலில் ஓட்டை இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கோபம் வந்தது. படித்துப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. கோபம் இன்னும் அதிகமானது.

எங்கள் நிறுவனம் பிரின்டர்களை இயக்கும் மென்பொருள் செய்கிறது. அச்சுக்கு வரும் கோப்பின் பெயரை வைக்க, பதினோரு வருடத்துக்கு முன்னால், கணினியின் நினைவகத்தில் அறுபத்து நாலு இடம் ஒதுக்கினேன். அதைவிட நீளமான பெயர் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மிச்சம் பக்கத்து இடத்தில் போய் விழுந்து, அங்கே இருப்பதை அழித்துவிடும். விஷயம் தெரிந்த திருடன் அந்த மிச்சத்தில் தன் கட்டளையை வைத்து அனுப்பினால், கணினியும் நல்ல பிள்ளையாக அவன் சொன்னபடி ஆடும்.

மறுநாள் காலை கூட்டம் போட்டார்கள். எங்கள் மேலாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கண்கொத்தி. அவர் பார்வைக்கு ஒன்றும் தப்பாது. பழைய பதிவைத் திரையில் போட்டார். எழுதியது நான். சரிபார்த்தது என் கணவர். எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது வினாடி.

நானூறு வரிக்கு ஒன்பது வினாடி! எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம்தான் அவரைச் சரிபார்ப்புக் குழுவுக்குத் தலைவராக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆறு வருடமாக அவர் காத்திருந்த பதவி. அது கைநழுவிவிடுமே என்று நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், அதுக்கு முன்னாடியே நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா விளக்கிச் சொல்லியிருந்தேன்..." என்று ஆரம்பித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"இல்ல மேடம்," என்றார் அவர். "நான் படிக்கவே இல்ல. அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகல. இவங்க பேரைப் பார்த்ததும் ஓகே அமுக்கிட்டேன். இவங்க எழுதினதுல தப்பு இருக்கும்னு அப்ப தோணல."

"இப்ப தோணுதா?" என்றார் கண்கொத்தி.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சே மேடம்."

அறையே சிரித்தது. எனக்கு மட்டும் எரிச்சல். மனிதர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே!

மதியத்துக்குள் திருத்தி எழுதிவிட்டேன். கண்கொத்தி வேண்டுமென்றே அதை அவரிடமே அனுப்பினார். பதினெட்டே வரி. மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். என் மேசையிலிருந்து அவர் முதுகு தெரியும். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் திருப்பி அனுப்பினார்: "அறுபத்து நாலு எழுத்து வரை விட்டிருக்கிறீர்கள். பெயர் முடிந்தது என்று காட்டும் குறிக்கு ஓர் இடம் வேண்டாமா? அறுபத்து மூன்றோடு நிறுத்தவும்."

வீட்டில் 'ஏய்', இங்கே 'இருக்கிறீர்கள்'! காதில் புகை வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. திருத்தினேன், மாலைக்குள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

கண்கொத்தி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மறைக்காம சொன்னீங்க. பொண்டாட்டின்னும் பார்க்காம திருப்பி அனுப்பினீங்க. பதவி உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே இவங்க எழுதறது எதுவும் உங்ககிட்ட வராது."

"சரிங்க மேடம்," என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் வெளியே வரும்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் என்னை அவ்வளவு பொறுமையாகப் படித்தது அந்த மூன்று மணி நேரம்தான்.