தேயாத பிறேக்கும் இளையதம்பியின் காலும்

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் தொடங்கியது. 2004இல், முல்லைத்தீவுக் கடற்கரையில் கருவாடு வியாபாரம் செய்த பாத்தும்மாவின் காரில். பாதி பெற்றோல், பாதி மின்சாரத்தில் ஓடும் ஜப்பான் கார். கொழும்பிலிருந்து மச்சான் அனுப்பியது. நிற்கப்போகும் கடைசி நொடியில் “கர்ர்ர்” என்றது. கழற்றிப் பார்த்தால் பிறேக் கட்டைகள் புதிதுபோலத் தடிப்பாக இருந்தன. தேயாத பிறேக் ஏன் கத்தவேண்டும்?

முதலில் இப்படி எழுதினேன்: “செம்மண் தெருவில் அந்தி மெல்லச் சாய—” விட்டுவிட்டேன். நடந்தது காலை பத்து மணிக்கு.

2

அந்தக் காரின் சாரதி இளையதம்பியை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். (வன்னிக்காரர் நம்புவார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பிறேக் கட்டை கிடையாது. வளைவுக்கு அரை மைல் முன்பே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தானாக ஓய விட்டுப் பழகியவர். ஒரே சோடிக் கட்டையில் ஒன்பது வருடம் ஓடினார்.)

“பிறேக்கில காலை வைச்சுக்கொண்டே ஓடுறியள். நாளைக்கு வேற றைவர் பாக்கிறன்,” என்றார் பாத்தும்மா.

“அக்கா, என்ர கால் பிறேக்கை மறந்து கனகாலம்!”

காருக்கடியில் கிடந்த மெக்கானிக் நாகேஸ்வரி தலையை நீட்டினார். “என்ன சொன்னனீங்கள்?”

3

(இங்கே கதையை நிறுத்தி விளக்காமல் என்னால் இருக்க முடியாது. மன்னிக்கவும்.) டைனமோவைச் சில்லில் சாய்த்தால் சைக்கிள் மிதிக்கக் கனக்கும் அல்லவா? இதுவும் அதேதான். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் காரின் மோட்டார் டைனமோவாகி, சில்லை இழுத்துப் பிடித்து, பற்றரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. மெதுவாகப் பிறேக் பிடித்தாலும் வேலை மோட்டாருக்குத்தான். கட்டைகள் சில்லோடு சுழலும் இரும்புத் தட்டைத் தொடுவது அவசரத்திலும், கார் நிற்கும் கடைசி நொடியிலும் மட்டுமே. சாதாரணக் காரில் ஒவ்வொரு மிதியும் தட்டில் பிடிக்கும் கறளை, அதாவது துருவை, துடைத்துவிடும். இங்கே துடைக்க ஆளில்லை, காற்றிலோ உப்பு.

“அண்ணை, நீங்கள் மிதியாமலே பழுதாக்கிப் போட்டியள்,” என்றார் நாகேஸ்வரி.

“பாத்தியளோ, பிழை அவரிலதான்!”

“பிழையில்லை அக்கா. திறமை கூடிப்போச்சு.”

4

பாத்தும்மா மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். அவரை அறிந்தவர்கள் சிரித்தார்கள். இளையதம்பிக்கு வேலை போவதாக இன்னொன்று. எனக்கு மனம் வரவில்லை. இப்போது இருப்பது இதுதான்: பாத்தும்மா பின்சீற்றில் ஏறி, “பத்துத் தரம் அழுத்தி மிதியுங்கோ. மிதிச்சா வேலை இருக்கு,” என்கிறார். இளையதம்பியின் கால் பிறேக்குக்கு மேலே நின்று—

அந்தக் கால் இறங்கியதா என்பதை நீங்கள் எழுதுங்கள். நாகேஸ்வரி சொன்ன வழியை நான் தருகிறேன். கட்டைகள் நகரும் ஊசிகளைக் கழற்றி, கறள் சுரண்டி, கிறீஸ் பூசவேண்டும். பிறகு வாரம் ஒரு நாள், வெறிச்சோடிய நேர் றோட்டில், மணிக்கு ஐம்பது கிலோமீற்றரில் போகும்போது கியரை நியூட்ரலில் போடவேண்டும். அப்போது மோட்டார் பிடிக்காது, கட்டைகள்தான் பிடிக்கும். பிறேக்கை அழுத்தி மிதிக்கவேண்டும். பத்துத் தரம். கறள் தேய்ந்து, சத்தம் நின்றுவிடும்.