என் பேர் வெட்டிய கேரியர்

எங்கள் பேருந்துப் பணிமனையில் ஒருவனை ஒதுக்கிவைப்பது ஒரு கலை. வேலைநிறுத்தத்தன்று வேலை செய்தவனோடு யாரும் பேச மாட்டார்கள், பேருந்தோடுதான் பேசுவார்கள். "ஏம்மா, உனக்கு பிரேக் பிடிக்கலையாம், பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சொல்லு" என்பார் டிரைவர். பேசிப் பேசி ஒரு வண்டி பதில் சொல்லவே ஆரம்பித்துவிட்டது என்று கேண்டீன்காரர் சத்தியம் செய்வார். நான் கேட்டதில்லை, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

என் தங்கை மகன் நெட்டை அங்கே மெக்கானிக். வேலைநிறுத்தத்தன்று வாசலில் நின்றுபோன ஆம்புலன்ஸை ஓடவைத்துவிட்டான். அதிலிருந்து அவனுக்கும் வண்டிப் பேச்சுதான். அவன் மேசையில் சாப்பிட உட்கார்ந்தவன் நான் ஒருத்தன். தாய்மாமன் ஆயிற்றே, தவிர, வாயை மூடும் வித்தை எனக்கு வராது.

பிறகு அவனுக்கு ஒரு 'அண்ணன்' கிடைத்தார். நாட்டையே புரட்டிப்போடப் போகிற ஒரு கூட்டத்தின் ஆள்.

"என்னடா சொல்றாரு உங்க அண்ணன்?"

"தினமும் போன் பண்ணி 'சாப்டியா தம்பி'ன்னு கேக்குறார் மாமா."

அவனுக்குப் புரிந்த கொள்கை அவ்வளவுதான்.

ஒருநாள் என் டிபன் கேரியரை இரவல் கேட்டான். கொடுத்தேன். மறுநாள் நான் லீவு. மத்தியானம் வாட்ச்மேன் சைக்கிள் ஹேண்டிலில் அது ஆடிக்கொண்டு வீட்டுக்கே வந்தது.

"சாப்பாட்டு ரூம்ல இருந்துச்சுண்ணே. உங்க பேர் வெட்டியிருக்கேன்னு எடுத்தாந்தேன். ஊசிப் போயிருக்கும், கழுவிருங்க."

என் மனைவி கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். இடுக்கில் சிவப்பு ஒயர் தெரிந்தது. எங்கள் தெருவில் அன்று ஓடிய ஓட்டத்தில், பத்து வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் தெருமுனையைத் தொட்டார்.

அது வெடிக்கவில்லை. போலீஸ் என்னைத்தான் கொண்டுபோனது, பேர் இருந்ததே. அண்ணன் பிடிபட்டு, தான் தப்பிக்க நெட்டையைக் காட்டிக்கொடுத்த பிறகே என்னை விட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. ஜெயிலுக்குப் போனேன்.

"என் பேர் இருக்குன்னு தெரியாதாடா?"

"தெரியும் மாமா. உங்க கேரியர்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னார் அண்ணன்." கம்பிவலையைப் பார்த்தபடியே சொன்னான். "ஆனா நீங்க லீவு போட்ட நாளாப் பாத்துத்தான் வெச்சேன்."

உயிரை விட்டுவைத்திருக்கிறான், பேரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"மத்தவங்க?"

"அவங்கதான் என்கூடப் பேசலையே மாமா."

"உங்க அத்தைதான் மூடியை நெம்பினா" என்றேன். அவன் முகம் வெளுத்தது. "அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்டான்.

"உங்க அண்ணன் வரலையா?"

"வருவார் மாமா. என்னை விட்டுட மாட்டார்."

காட்டிக்கொடுத்தது யாரென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. திறந்தேன்.

"வருவார்டா. காத்திரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.