இரட்டைப்படை வரிசைகள்

1

12 பெப்ரவரி 2025, புதன். இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். (விட்டது நேற்று, கண்டுபிடித்தது இன்று. இதையாவது சரியாக எழுத வேண்டும்.) இந்தக் கதை அந்தப் பிழையிலிருந்துதான் வந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை வகுப்பில் ஆரணி என்னோடு படிக்கிறாள். அவளுடைய ஆய்வுக்கு இருப்பது ஒரே ஒரு சிப்பித்துண்டு. பருத்தித்துறையில் அவளுடைய அப்பாவின் வலையில் வந்த சிப்பியை அவளே வெட்டித் தேய்த்து எடுத்தது. எக்ஸ் கதிர் அதன்மேல் நகர்ந்து,* புள்ளிக்கொரு கோப்பாக, அங்கே என்ன கனிமம் இருக்கிறது என்பதற்கான பதிவை எழுதும். இருபது வரிசை, வரிசைக்கு முப்பது புள்ளி: அறுநூறு கோப்புகள். அவற்றை மென்பொருளில் ஏற்றிப் படமாக்குவது என் வேலை.

* கதிர் நகராது. துண்டு இருக்கும் மேடைதான் நகரும். இதுவும் பிழை; அழிக்காமல் விடுகிறேன்.

2

முதல் வரைவு: 'மென்பொருள் கோப்புகளைத் தவறாக அடுக்கியதால்

இல்லை. மென்பொருள் என்னிடம் கேட்டது. எல்லா வரிசையும் ஒரே திசையிலா, அல்லது போய்த் திரும்பும் திசையிலா என்று. எழுதுவதைப்போல எல்லாம் இடமிருந்து வலம்தானே என்று முதலாவதை அழுத்தினேன்.

சிப்பியின் வெளி ஓடும் முத்துப் பக்கமும் ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும். படத்தில் அவை இரண்டு சீப்புகளைக் கோத்ததுபோல் வந்தன. வெட்டினது சரியில்லை என்று ஆரணியிடம் சொன்னேன். திரும்பத் தேய்ப்பதற்கென்று அவள் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

3

இன்று கோப்புகளைத் திறந்து மேடை நின்ற இடங்களைப் பார்த்தேன். முப்பதாவது புள்ளியும் முப்பத்தோராவதும் ஒரே ஓரத்தில் இருந்தன. வரிசை முடிந்த இடத்திலிருந்தே மேடை திரும்பியிருக்கிறது. இரட்டைப்படை வரிசைகளைத் திருப்பினேன். கோடு நேரானது.

(அழகாக இருந்தது என்று எழுதி வெட்டினேன். அழகாகத்தான் இருந்தது.)

உடனே ஆரணியை அழைத்தேன். ஒரு வரைவில் அவள் கோபித்துத் தொலைபேசியை வைத்துவிடுகிறாள். அப்படிப்பட்டவள் என்றால் எனக்கு எழுதச் சுகம். உண்மையான ஆரணி முழுவதையும் கேட்டாள்.

"கீர்த்திகன், உங்கடை சண்டிலிப்பாயிலை தோட்டம் உழேக்கை, வரிசை முடிய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைத் தூக்கிக்கொண்டோ திரும்பி வாறனியள்?"

"இல்லை. அதிலேயே திருப்பிக்கொண்டுதான்."

"அப்ப தெரியாத விசயமில்லை."

"தேய்ச்சிட்டியோ?"



"ஓம். பத்து நிமிசம். முத்துப் பக்கம் கொஞ்சம் உதிர்ந்திட்டுது. நீ எல்லாத்தையும் மூண்டுதரம் பாக்கிறனி. அதாலைதான் நான் பாக்கேல்லை."

4

முடிவு ஒன்று: உதிர்ந்தது ஓரம் மட்டும், கோடு அப்படியே இருக்கிறது.

முடிவு இரண்டு: கோடு போய்விட்டது. அந்தச் சிப்பியில் மிஞ்சியது நான் திருத்திய படம் மட்டும்.

முடிவு மூன்று: எது வந்தாலும் ஆரணி என்னை மன்னி

அந்த வசனத்தை முடிக்க வேண்டியவள் அவள். முதல் இரண்டில் எது என்று உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் தெரியாது. தொலைபேசியை வைக்கும்முன் அவள் சொன்னதை மட்டும் தருகிறேன்: "நாளைக்கு வெள்ளனவே வாறன். இந்தமுறை ரெண்டு பேருமாப் பாப்பம்."

நாளை: துண்டை மேடையில் வைப்பது. அதே இருபது வரிசை, அதே முப்பது புள்ளி. திசை: போய்த் திரும்புவது. அழுத்துமுன் ஆரணியிடம் காட்டுவது.