நஜ்மால் 500: பெயர் வந்த வழி

1

போன வாரம் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது காலி மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. அதிலிருக்கும் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்ற பெருமையில் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெருமையும் பொய் என்பது நான்காம் பகுதியில் தெரிந்துவிடும்.

2

அம்பத்தூர் வானத்தில் அன்று மேகங்கள்... (வேண்டாம். வானத்தை யார் பார்த்தார்கள்?)

1988. அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். புது மருந்துக்கு அனுமதி கேட்கும்போது மூன்று பெயர்கள் எழுதி அனுப்புவோம். முதல் இரண்டில் முதலாளி சண்முகசுந்தரம் மனைவி பெயரையும் மகள் பெயரையும் ஒட்டவைப்பார். மூன்றாவது சும்மா இடம் நிரப்ப. அதை என் தலையில் கட்டிவிடுவார். ஜுர மாத்திரைக்கு நான் ‘நஜ்மால்’ என்று அடித்தேன். முதல் இரண்டையும் வேறு யாரோ ஏற்கெனவே வைத்துவிட்டார்களாம். மூன்றாவது நிலைத்தது.

“ஜெர்மன் மருந்து கணக்கா கீதுய்யா,” என்றார் முதலாளி. கலவைப் பிரிவில் நஜ்மா என்று ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியாது. அங்கே எல்லோரும் அவருக்கு ‘ஏம்மா’தான்.

3

நஜ்மாவை எப்படி அறிமுகப்படுத்துவது? மூன்று முறை எழுதிக் கிழித்தேன். (அழகி என்று எழுதினால் அவளே சிரிப்பாள்.) பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருவத்தில் மருந்துத்தூள் படிந்திருக்க டீ குடிப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் அட்டை வந்த அன்று கேட்டாள்: “இன்னா சார், எம் பேரு மாதிரி கீது?”

“அது கெமிக்கல் பேரும்மா,” என்றேன்.

(அடிக்குறிப்பு: அவள் வேலை போய்விடும் என்று பயந்து அப்படிச் சொன்னதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். நான் பயந்தது என் வேலைக்கு.)

4

மூன்று வருடம் கழித்து நிக்காஹ் நிச்சயமாகி வேலையை விட்டாள். கடைசி நாள் கம்பெனி வாசலில் என்னிடம் வந்தாள்.

“சார், கெமிக்கல் டிரம்ம தெனம் நான்தான தொறக்கறேன். எதுலயும் அந்தப் பேரு எழுதல. எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கனு பாத்துகினு இருந்தேன்.”

நான் அவளிடம்...

5

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். (இப்படி எழுத நாற்பது வயதில் ஆசைப்பட்டேன்.)

முடிவு இரண்டு: அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. (அந்த பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது?)

நடந்தது இது. “நாழியாச்சு, பஸ்ஸ விட்டுடப் போற,” என்றேன்.

இதைக் கதையின் முடிவாக வைக்க எனக்கு மனமில்லை. அவள் வாசலிலேயே நிற்கட்டும். நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம், மூன்று வருடம் காத்திருந்தவள்.